மறையாத யாழ்

"பலகினவன்தான் கலுத்தறுப்பான்" என்று கத்தினார் நாற்காலிக்கடை முதலாளியம்மாவின் கணவர். "யாலோட படத்தை எதிர்க்கடைக்குக் கொடுத்தது நீதானே?"

"நான் கொடுக்கல சார்." காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி டிசைனருக்குக் குரல் கம்மிவிட்டது.

மணி பத்தரை. தெருவில் பாதிப் பேர், நாற்காலி வாங்க வந்தவர்கள்போல், கடைக்குள் நின்றோம். விஷயம் இதுதான்: முதுகுப் பக்கம் நரம்பு கட்டி, 'யாழ்' என்று பெயரிட்டு, யார் கண்ணிலும் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த புது நாற்காலி, எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை வரைந்தவன் டிசைனர். முதலாளியம்மாவின் தங்கையை அவனுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தது. இப்போது வேலையும் இல்லை, பெண்ணும் இல்லை என்றாகிவிட்டது.

தங்கை சும்மா இருப்பாளா? மாடியில் குடியிருந்த ஏட்டம்மாவை இழுத்து வந்தாள். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்பதிலிருந்து மட்டும் இன்னும் பெறவில்லை.

"படம் எங்க இருந்துச்சு?"

"எங்க வெப்சைட்ல" என்றாள் முதலாளியம்மா. "டிசைனுக்கு ஒரு போல்டர். பக்கத்தைத் திறந்தா எல்லாம் லிஸ்ட்டா வரும். வாங்கறவங்க பார்த்துச் சொல்லுவாங்க."

"யாழும் வருமா?"

"வராது" என்றார் கணவர். "காட்டக்கூடாத போல்டர் பேரை செட்டிங்ஸ்ல எலுதிட்டா, சர்வர் அதை லிஸ்ட்லேர்ந்து மறைச்சிடும். நானே எலுதினேன்."

"போல்டருக்குப் பேர் வெச்சது?"

"நான்" என்றான் டிசைனர்.

"பாத்தீங்களா? இவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"இருங்க சார். மறைஞ்சுதான்னு திறந்து பார்த்தீங்களா?"

"எலுதினப்புறம் என்ன பார்க்கறது?"

ஏட்டம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "யாழ். இங்கிலீஷ்ல எழுத்தெழுத்தா சொல்லுங்க, சார்."

"ஒய், ஏ, ஏ, எல்."

"தம்பி, நீங்க?"

"ஒய், ஏ, ஏ, இசட், ஹெச்."

எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஏட்டம்மா தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். அலமாரிகள், ஊஞ்சல்கள், மேசைகள். எல்லாவற்றுக்கும் அடியில், ஊருக்கே தெரியும்படி, யாழ்.

"படத்தைப் பார்த்துச் செஞ்சவர் எதிர்க்கடைக்காரர். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் சார்" என்றார் ஏட்டம்மா. "ஒரு எழுத்து மாறினாலும் சர்வருக்கு அது வேற போல்டர். சார் இல்லாத யாலை மறைச்சிருக்கார். இருக்கற யாழை விட்டுட்டார். ஒய்ங்கறதால அது கடைசில போய் உக்காந்துடுச்சு. நீங்க யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கல. எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கார்."

கணவர் வாய் திறந்தார். என்ன சொன்னாலும் அதில் ஒரு ழ வந்துவிடுமோ என்ற பயமோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க தம்பி, நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றாள் முதலாளியம்மா.

டிசைனர் போகவில்லை. அடுத்த மாதமே தங்கையைக் கட்டிக்கொண்டு, வேறு ஊரில் தனிக்கடை போட்டுவிட்டான். முதலாளியம்மா தங்கையின் கல்யாணத்துக்குப் போனாள், சாப்பிட்டாள், மொய்யும் வைத்தாள். திரும்பி வந்து ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை.