தராசில் ஏறியது யார்?

கைப்பேசி அலறியது!

லோஜினி டீச்சர் எட்டிப் பார்த்தாள். கொழும்பு டொக்டர்!

கமராவை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாள். உடம்பைக் குறைக்கும் கைப்பேசி ஆப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. டொக்டர் ஜெயமலர் இன்றுவரை அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

"லோஜினி... நீங்கள் தனியவோ இருக்கிறியள்?"

"ஆமாங்க டொக்டர். அவரு ஸ்டோருக்குப் போயிருக்காரு."

"கதவைப் பூட்டுங்கோ!"

"என்னங்க?"

"பூட்டிப்போட்டுக் கதையுங்கோ. உங்களை ஆரோ கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லுறாங்கள்!"

லோஜினி கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்கட திட்டத்தில கிழமைக்கு அரைக் கிலோதான் குறையோணும். உங்களுக்கு ஒரு மாசமா மூண்டு மடங்கு குறையுது! சாப்பாட்டைக் குறைச்சு இப்பிடி வராது. உள்ளுக்க ஏதோ போகுது. சத்தி, வாந்தி எடுக்குறியளோ?"

"இல்லீங்க..."

"மறைக்காதேங்கோ! கமராவைப் போடச் சொன்னாலும் போடுறியள் இல்லை. ஆரோ தடுக்கினம், அப்பிடித்தானே? வீட்டில ஆர் சமையல்?"

"சமையல் நாந்தாங்க. இந்த ஒரு மாசமா காலைல கசாயம் மட்டும் அவரு போடுவாரு. ஒடம்பு கொறையும்னு... என்னைய இந்த ஆப்புல சேத்துவிட்டதே அவருதானுங்க டொக்டர்!"

மறுமுனையில் டொக்டர் இன்னொரு போனில் 'புருஷன்... கசாயம்...' என்று யாருக்கோ சொல்வது கேட்டது. பிறகு...

"நான் பொலிசுக்குச் சொல்லிட்டன். வந்துகொண்டிருக்கினம்."

லோஜினி பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

விஷமாவது மண்ணாவது!

உண்மை அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஆப்காரர்கள் அனுப்பிய தராசு. ஏறி நின்றால் எடை தானாகவே கொழும்புக்குப் போய்விடும். அந்த எண்ணைத் தானும் பார்க்கக் கூசி, அது தெரியும் இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள் லோஜினி.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் ஏறினாள். ஒரு கிலோ குறைய வேண்டுமே! ம்ஹூம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது போதாதென்று, கொழும்பு டொக்டரிடமும் அசிங்கப்பட வேண்டுமா?

வீட்டு வேலைக்கு வரும் வீரம்மாவைப் பிடித்தாள்.

வீரம்மா வருஷக்கணக்காக மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். திடமான உடம்பு. மூட்டை தூக்குவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு தராசில் ஏறினாளென்றால் சரியாக ஒரு லோஜினி! கிழமைக்கு இரண்டு சுண்டு, அதாவது அரைக் கிலோ அரிசியை மூட்டையிலிருந்து அள்ளிவிட வேண்டியது. கொழும்பில் டொக்டர் கைதட்டுவார்.

"கொழுந்து நிறுக்கிற மடுவத்துல எங்க கிலோவ அவங்க வெட்டுவாங்க டீச்சரம்மா. இப்பத்தான் நாங்க வெட்டுறோம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள் வீரம்மா. கூலி கூடக் கேட்கவில்லை. சூடாகக் குடிக்க ஒரு கோப்பை கொடுத்தால் போதும்.

'அரிசியக் கூடுதலா அள்ளிட்டேனோ?' லோஜினிக்கு வியர்த்தது. கேட்கலாமென்றால் வீரம்மா மூன்று நாளாக வேலைக்கே வரவில்லை.

வாசலில் ஜீப் சத்தம்!

எஸ்.ஐ. நிரஞ்சன் இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்கள் நடுவில்... அவள் புருஷன் கஜேந்திரன்! தோட்டத்து ஸ்டோர் கீப்பரின் சட்டைக் காலர் ஒரு கான்ஸ்டபிளின் கையில் கசங்கிக் கிடந்தது.

"டீச்சர், கசாயம் போடுற சட்டி எங்க?"

"சேர், அவரு ஒண்ணும் பண்ணல!"

"தோட்டத்துப் பூச்சி மருந்து, பில்லுக்கு அடிக்கிற மருந்து எல்லாத்துக்கும் சாவி இவருகிட்டத்தான். டொக்டரம்மா வேற இப்பிடிச் சொல்றாங்க. ஸ்டேஷனுக்கு வரட்டும். பேசிக்குவோம்."

கஜேந்திரன் அழுதேவிட்டான்.

"லோஜி! நீயே சொல்லு! நான் ஒனக்கு வெசம் வப்பேனா? விடியக்காலைல எந்திரிச்சு கசாயம் காச்சுனது இதுக்குத்தானா?"

லோஜினி வேலிப் பக்கம் பார்த்தாள்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் புருஷன் போவான்!

வேலிக்கு அப்பால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு நின்றது. அவளிடம் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில்!

ஜீப் கதவு திறந்தது. கஜேந்திரனின் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினார்கள்.

"நிப்பாட்டுங்க!"

லோஜினியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் கொறையவே இல்லீங்க சேர்! ஒரு கிலோ கூடக் கொறையல! தராசுல ஏறுனது நான் இல்ல... வீரம்மா! அரிசி மூட்டையோட!"

வேலி ஓரம் ஒரு 'ஹே!' எழுந்தது.

"நம்பச் சொல்றீங்களா டீச்சர்?"

அவள் உள்ளே ஓடினாள். தராசை வாசலில் போட்டாள். பிளாஸ்டரைப் பிய்த்தாள். டொக்டரை அழைத்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக... கமராவைப் போட்டாள்!

கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

கைப்பேசியில் ஜெயமலரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நூற்றி மூண்டு... கடவுளே! லோஜினி, சேர்ந்த நாளை விட ஒரு கிலோ கூட!"

லயம் சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நிரஞ்சன் கூட மீசைக்குள் சிரித்தார். லோஜினி தராசை விட்டு இறங்கக்கூட மறந்து, கூனிக் குறுகி நின்றாள். பரவாயில்லை. புருஷன் பிழைத்தான்.

"அவர விடுங்கய்யா," என்றார் நிரஞ்சன்.

சிரிக்காத ஒரே ஆள் கஜேந்திரன்!

"ஒரு கிலோ கூடவா கொறையல?" அவன் குரல் எங்கிருந்தோ வந்தது. "அப்ப... நான் காச்சுன கசாயம்?"

பாவம், மனசு உடைந்துவிட்டார் என்று நினைத்தாள். இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க... ஒரே கசப்புங்க அது. தெனமும் வீரம்மாவுக்குக் குடுத்துருவேன். அவதான் மொகம் சுளிக்காம குடிப்பா."

"ஒரு நாளு கூட நீ குடிக்கலியாடி?!"

கஜேந்திரனின் அலறலில் சிரிப்பெல்லாம் சட்டென்று நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். சோலைமலை... வீரம்மாவின் புருஷன்.

"டீச்சரம்மா... வீரம்மா மூணு நாளா ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. ஒரு மாசமா வாந்தி. ஆளு பாதியாயிருச்சு. என்ன சீக்குன்னே டொக்டர்மாருக்குப் புடிபடலீங்க..."

கைப்பேசியில் ஜெயமலர் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப... கூடுதலாக் குறைஞ்சது அரிசி இல்லை. வீரம்மா!"

கஜேந்திரன் ஓடினான்!

தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தான். நேற்றைய மழையின் வழுக்கல் அவனைப் பத்தடி கூட விடவில்லை. சேறும் சட்டையுமாக இழுத்து வந்தார்கள்.

"ஆமா, நாந்தான் போட்டேன்!" என்று கத்தினான். "இவளோட ஹட்டன் டவுன்ல நடக்க வெக்கமா இருக்கு சேர்! நாலு பேரு பாத்துச் சிரிக்கிறாங்க!"

"அதுனால நீயே ஆப்புல சேத்துவிட்டு, நீயே கசாயமும் குடுத்த! டீச்சர் மெலிஞ்சு செத்தா டயட்டு மேல பழியப் போட்டுத் தப்பிச்சிரலாம்னு... இல்ல?" என்றார் நிரஞ்சன்.

கஜேந்திரன் தலையைத் தொங்கப் போட்டான்.

ஜெயமலர் கொழும்பிலிருந்தே ஆஸ்பத்திரியோடு பேசினார். என்ன மருந்து என்று தெரிந்ததும் சிகிச்சை மாறியது. வீரம்மா பிழைத்தாள்.

கட்டில் பக்கத்தில் லோஜினி உட்கார்ந்திருந்தாள். ஊரே பார்த்துச் சிரித்தபோது பட்ட வெட்கம் ஒன்றுமேயில்லை என்று இப்போது தெரிந்தது. கண்ணெதிரே ஒருத்தி ஒரு மாதமாக வற்றிப் போயிருக்கிறாள். மூட்டையைத் தூக்கும்போது கை நடுங்கியிருக்கும். என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் உடம்பை மறைக்கிற அவசரத்தில் அவள் உடம்பைப் பார்க்கவே இல்லை.

"என்னைய மன்னிச்சிரு வீரம்மா. எம் மானத்தக் காப்பாத்த ஒன் உசுரோட வெளையாடிட்டேன்."

வீரம்மா மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அடுத்த வாட்டி... அரிசி மூட்டைய நீங்களே தூக்கிக்கங்க டீச்சரம்மா."

அழுகையும் சிரிப்புமாக லோஜினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைப்பேசி ஒலித்தது. ஜெயமலர்! லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கமராவைப் போட்டே எடுத்தாள்.

"வீரம்மாவுக்குச் சுகமோ? நல்லது. இனி உங்கட கணக்குக்கு வருவம். இனியாவது பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. இந்தக் கிழமை எவ்வளவு குறைஞ்சது?"

"எழுபத்திரண்டு கிலோங்க டொக்டர்!"

"என்ன?!"

"சத்தியமாங்க! மொத்தமா ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டேன்!"