கடலோர அறைக்குச் சேர்த்த புள்ளிகள்

அவள் விரல் ஃபோன் திரையைத் தொடப்போன அதே நொடியில், வாலிபால் ஒன்று எகிறி வந்து அவள் மணிக்கட்டில் மோதியது.

ஃபோன் கீழே விழுந்து, வழவழப்பான தரையில் சறுக்கிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பின்னாலேயே இன்னும் பத்துப் பதினைந்து பந்துகள்... ஓட்டல் வரவேற்பறை முழுக்க உருண்டு ஓடின.

"ஐயையோ... சாரிங்க! பை அறுந்துடுச்சு... நகராதீங்க, நானே எடுத்துத் தரேன்!"

தொப்பலாக நனைந்த ஒருவன் தரையில் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து ஃபோனைச் சட்டையில் துடைத்தான். சட்டை ஃபோனைவிட ஈரம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உடையலைங்க."

"உடைஞ்சிருந்தா?"

"புதுசு வாங்கித் தந்திருப்பேன்."

"என்ன விலைன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா இவ்வளவு தைரியமா பேசியிருக்க மாட்டேன்."

கோபப்பட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தாள். ஆனால் அந்தக் கண்கள்... இமை நுனியில் மழைத்துளி நின்றது. மன்னிப்புக் கேட்கும்போதும் குனியாமல் நேராகப் பார்த்தன. அவள் சட்டென்று ஃபோனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

'என்ன இது... ஒரு பந்து பட்டதுக்கு இப்படியா படபடக்கும்?'

அவள் லிஃப்ட் ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் கட்டடங்களில் ஏறி இறங்கி, கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. மாதத்தில் இருபது நாள் ஓட்டல் வாசம், அதுவும் ஒரே நிறுவனத்தின் ஓட்டல்களில். தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் அவர்கள் தரும் புள்ளிகளை ஒன்று விடாமல் சேர்ப்பாள். எந்த மாதம் இரட்டைப் புள்ளி, எந்த ஓட்டலில் எத்தனை புள்ளிக்கு அறை... எல்லாம் விரல் நுனியில். ஆபீசில் அவளுக்குப் 'புள்ளி மகாராணி' என்றே பெயர்.

நாலு வருடச் சேமிப்பு, ஐம்பத்தெட்டாயிரம் புள்ளி. அடுத்த மாதம் அம்மாவுக்கு அறுபது வயது. அதே நிறுவனத்தின் பெரிய ஓட்டல் ஒன்று கடலைப் பார்த்த மாதிரி நிற்கிறது. அங்கே ஒரு ராத்திரிக்கு ஐம்பத்தைந்தாயிரம். அதை உறுதி செய்யும் பொத்தானைத்தான் தொடப்போனாள். பந்து வந்துவிட்டது.

"மூணு ரூம் வேணும் சார், எட்டு பேருக்கு. உங்களுக்குத் தனியா ஒண்ணு. நாலு ராத்திரி." ரிசப்ஷன் பெண் கணக்குச் சொன்னாள்.

அவன் குரல் இறங்கியது. "எங்களுக்குப் போட்டி நடத்துறவங்க குடுத்த ஹாலுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு மேடம். கையில இருக்கிறதுக்கு ஒரு ரூம்தான் வரும். ஏதாவது குறைச்சுப் போட முடியுமா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற விலைதான் சார்..."

அவனுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள், ஷூவைக் கையில் பிடித்தபடி, சொட்டச் சொட்ட நின்றார்கள். பனியன் முதுகில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயர். அங்கே பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர்கள். அவன் அந்த மெஷின்களின் மெக்கானிக். ஷிப்ட் முடிந்தபின் இவர்களுக்குக் கோச். தொழிற்சாலை அணிகளின் போட்டிக்கு வந்திருக்கிறார்கள்.

"ஒரு ரூம் போதும் கோச்," என்றாள் அவர்களில் மூத்தவள், எல்லாரும் கேப்டன் அக்கா என்று கூப்பிடுகிறவள். "எட்டு பேரும் நின்னுக்கிட்டே தூங்கிக்கிறோம். காலையில அப்படியே நெட் முன்னாடி கொண்டுபோய் வெச்சிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கை தானாகவே ஃபோனில் இந்த ஓட்டலின் பக்கத்தைத் திறந்தது. ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம் புள்ளி. மூன்று ராத்திரி எடுத்தால் நாலாவது இலவசம். மூன்று அறைக்கும் சேர்த்து ஐம்பத்து நாலாயிரம்.

அங்கே ஒரு ராத்திரி. இங்கே பன்னிரண்டு!

சின்ன ஓட்டல்தான். ஆனால் குழாயைத் திறந்து பத்து எண்ணுவதற்குள் வெந்நீர் வரும். விரிப்பில் சோப்பு வாசனை இருக்கும். காலைச் சாப்பாடும் கணக்கில் அடக்கம். புள்ளிக்கு மரியாதை இருப்பது இந்த மாதிரி இடத்தில்தான் என்று ஆபீசில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்! அம்மா விஷயத்தில் மட்டும் அவளே அதை மறந்துவிட்டாள்.

ஜன்னலோரம் போய் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். எதையும் மறைக்கவில்லை.

"கடல் எங்கேயும் ஓடிப்போகாதுடி," என்றாள் அம்மா. "ஈரத்தோட நிக்கிறாங்கன்னு சொல்ற. அப்புறமும் என்கிட்ட என்ன பேச்சு? போய் ரூமைப் போடு."

அவள் நேரே கவுன்ட்டருக்குப் போனாள். "மூணு ரூமையும் என் புள்ளியில போட்டுடுங்க."

அவன் திரும்பினான். "என்னங்க... எதுக்கு?"

"எட்டு பேர் நின்னுக்கிட்டே தூங்குறதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்ல. அதுக்குத்தான்."

"அப்ப என்கிட்ட இருக்கிற பணத்தை வாங்கிக்குங்க. மீதியை ஊருக்குப் போய் அனுப்பிடறேன்."

"வாங்கக் கூடாதுங்க. புள்ளியை வித்தா என் கணக்கையே மூடிடுவாங்க. சும்மா குடுக்கலாம், அவ்வளவுதான்."

அவன் முகம் இறுகியது. "முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட சும்மா வாங்குற பழக்கம் எனக்கு இல்லைங்க."

"உங்களுக்கு யாரு குடுத்தா? அவங்களுக்குத்தானே குடுக்கிறேன்."

கேப்டன் அக்கா ஷூவைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள். "எங்களுக்கு அந்தப் பழக்கம் நல்லாவே இருக்கு மேடம். சாவியைக் குடுங்க!"

அவன் தனக்கு மட்டும் காசு கொடுத்து ஒரு அறை எடுத்துக்கொண்டான். ரோஷக்காரன்... மாடிப்படியில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருக்க, அங்கே கிடந்த பந்தை எடுத்து ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தாள்.

மறுநாள் காலை, சாப்பாட்டு அறை. தட்டோடு வந்து அவள் மேஜைக்கு எதிரில் நின்றான்.

"உட்காரலாமா?"

"இந்த நாற்காலி என் புள்ளியில வாங்கினது இல்ல. தைரியமா உட்காருங்க."

உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்தான். சாப்பிடவில்லை. "நேத்து கொஞ்சம் விறைப்பா பேசிட்டேன்... பொண்ணுங்க நல்லா தூங்கினாங்க. ரொம்ப தேங்க்ஸ்."

"இதைச் சொல்ல ராத்திரி பூரா ஒத்திகை பார்த்தீங்களா?"

"விடியக்காலையில மட்டும்," என்று சிரித்தான். "ஆமா, இந்தப் புள்ளி புள்ளிங்கிறீங்களே, அது எப்படிங்க சேருது? நானும் மாசம் ரெண்டு தடவை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வெளியூர் போறேன். ஆறு வருஷமா இதே கம்பெனி ஓட்டல்லதான் தங்குறேன்."

அவள் கையில் இருந்த டீ அப்படியே நின்றது.

"ஆறு வருஷமா? உறுப்பினர் நம்பர்?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"கடவுளே... நேரடியாவா புக் பண்ணுவீங்க?"

"இல்லைங்க. வேற ஒரு ஆப். கொஞ்சம் தள்ளுபடி குடுப்பாங்க..."

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நிஜமாகவே வலித்த மாதிரி இருந்தது. "அந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஆறு வருஷத்தைத் தண்ணியில விட்டுருக்கீங்க! குடுங்க ஃபோனை!"

அடுத்த அரைமணி நேரம் பாடம் நடந்தது. உறுப்பினராகச் சேர்த்தாள். நேரடியாகப் புக் செய்தால்தான் புள்ளி. அப்படித் தங்கிய ரசீது ஏதாவது இருந்தால், மூன்று மாதம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். பெரிய ஓட்டலில் புள்ளியைக் கொட்டக் கூடாது. சின்ன ஓட்டலில் போட்டால் பல மடங்கு நாள் கிடைக்கும். அவன் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். நடுநடுவே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பேச்சில் இருந்த அந்த நிச்சயம்... ஒரு வடத்தைத் தட்டிப் பார்த்து 'இது தாங்கும்' என்று சொல்கிறவளின் நிச்சயம். அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"கோச், புக்கை மூடுங்க! பத்து மணிக்கு மேட்ச்!" வாசலில் இருந்து கேப்டன் அக்கா கத்தினாள். "இவர் ஸ்கூல்ல இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர்!"

மூன்றாம் நாள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அவள் மைதானத்துக்குப் போனாள். சும்மா ஒரு எட்டு பார்க்கலாம் என்று... அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அரையிறுதி. மற்ற கோச்சுகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் கத்தவில்லை. பந்தைத் தவறவிட்ட பெண் திரும்பிப் பார்த்தால், தலையை லேசாக ஆட்டுவான். அடுத்த பந்தை அவள் விடமாட்டாள். ஜெயித்ததும் எட்டுப் பேரும் ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டார்கள், என்னமோ இவள்தான் கடைசி பந்தை அடித்த மாதிரி. அந்தக் கூட்டத்துக்கு மேலாக அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்...

ஐந்தாம் நாள் எல்லாம் கெட்டது.

இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாம் இடம். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கோப்பையும் கையுமாக மத்தியானம் ஓட்டலுக்குத் திரும்பினார்கள். அவள் வரவேற்பறையில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டே, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷம் சேர்த்ததை யாரோ பந்து விளையாடுறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டியாம்!" அண்ணன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அம்மாவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு வெச்சிருந்ததுடி அது!"

அவள் நிமிர்ந்தபோது அவன் கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?" மெதுவாகத்தான் கேட்டான்.

"சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்க."

"நிச்சயமா வாங்கியிருக்க மாட்டேன்! ஒரு அம்மாவோட பிறந்தநாளைப் பிடுங்கி எங்களுக்குக் குடுத்திருக்கீங்க. என்னை எங்க கொண்டுவந்து நிறுத்திட்டீங்க தெரியுமா?"

"அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன். அவங்களே சந்தோஷமா..."

"அம்மான்னா அப்படித்தாங்க சொல்லுவாங்க."

அவளுக்கும் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்குக் குடுக்க மட்டும்தான் தெரியும் கோச். ஞாயித்துக்கிழமைய எல்லாம் அந்தப் பொண்ணுங்களுக்கே குடுக்கிறீங்க, கேப்டன் அக்கா சொன்னாங்க. உங்களுக்கு யாராவது ஒண்ணு குடுத்தா மட்டும் குத்துது. அது நல்ல குணம்னு நினைச்சுக்காதீங்க. வெறும் கர்வம்!"

அவன் திரும்பி, வேனில் பந்துப் பையை ஏற்றப் போனான். அரைமணி நேரத்தில் அவர்கள் வேன் கிளம்பிவிட்டது. கேப்டன் அக்கா மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மாசத்துல முதல் வாரம் நீங்க இங்கதானே இருப்பீங்க மேடம்?" என்று சத்தமாகக் கேட்டாள். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கட்டும் என்று.

ஐந்து வாரம். ஒரு ஃபோன் இல்லை. ஒரு வரி இல்லை. ஆனாலும் அவள் கலங்கிப்போய்விடவில்லை. 'வருவான்' என்றுதான் தோன்றியது. எத்தனை இயந்திரங்களைக் காது வைத்துக் கேட்டிருக்கிறாள்... எது நின்றுவிடும், எது கொஞ்சம் முனகிவிட்டு ஓடும் என்று தெரியாதா?

முதல் வாரம். புதன்கிழமை காலை. அதே சாப்பாட்டு அறை, வெளியே பொடித் தூறல். எதிர் நாற்காலி நகர்ந்தது.

இளைத்திருந்தான். கையில் மடித்த காகிதம். அதை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"கடலோரம் இல்லைங்க. கடலுக்கு ரெண்டு தெரு பின்னாடி, இதே மாதிரி சின்ன ஓட்டல். மூணு ராத்திரி புள்ளியில, நாலாவது இலவசம். உங்க பாடம்தான். ஒரே ஒரு பழைய ரசீது தேறுச்சு. கொஞ்சம் போன மாச இரட்டைப் புள்ளியில வந்தது. இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் வேலையெல்லாம் நானே கேட்டு வாங்கிட்டு அலைஞ்சேன். பத்தாத புள்ளியைக் கம்பெனிகிட்டயே காசு குடுத்து வாங்கிட்டேன்." மூச்சு வாங்கினான். "மொட்டை மாடியில இருந்து கடல் தெரியுமான்னு ஏறிப் பார்த்துட்டும் வந்துட்டேன். பாதி தெரியுது. மீதியை ஒரு தண்ணித் தொட்டி மறைக்குது."

அவள் கை காகிதத்தை நோக்கிப் போய், தயங்கி நின்றது.

"கணக்கைத் தீர்க்க வந்தீங்களா?"

"இல்லைங்க. அது கணக்கே இல்லன்னு புரிய எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு. இது நான் ஆசைப்பட்டுக் குடுக்கிறது." அவள் தயங்கிய கையைப் பார்த்தான். கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஏங்க... வாங்கிக்கிறது உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கா?"

சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது. காகிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்தாள். ஒரு அறை. இரண்டு பேர்.

"தப்பாப் போட்டிருக்கீங்களே."

அவன் பதறினான். "தேதியா? அம்மா பிறந்தநாள்னு மேட்ச் அன்னைக்குக் கேப்டன் அக்காகிட்ட நீங்க பேச்சுவாக்குல சொன்ன தேதிதானே..."

"தேதி சரிதான். ரெண்டு பேர்தானே போட்டிருக்கு. நானும் அம்மாவும் போயி நாலு நாள் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா? இவ்வளவு செஞ்சது யாரு, எங்கேன்னு அம்மா கேட்பாங்க. நான் யாரைக் காட்டுறது?"

அவன் அவளையே பார்த்தான். தூறல் ஜன்னல் கண்ணாடியில் சத்தமில்லாமல் வழிந்தது.

"ஒத்திகை எதுவும் பார்க்கலைங்க," என்றான் கடைசியில். "நேராவே சொல்லிடறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. பந்து பட்ட அன்னைக்கே பிடிச்சது. திட்டின அன்னைக்கு இன்னும் ஜாஸ்தியாச்சு. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்படறேன்."

அவள் ஃபோனை எடுத்தாள். காகிதத்தில் இருந்த ஓட்டலிலேயே இன்னொரு அறை, அதே நாலு நாள், தன் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருந்த புள்ளிகளோடு கொஞ்சம் காசும் போட்டு... பெயர் என்ற இடத்தில் அவன் பெயரை அடித்தாள். உறுதி செய்யும் பொத்தானை, இந்தமுறை யாரும் தடுக்காமல், அழுத்தினாள். அப்புறம் ஃபோனைத் திருப்பி அவனிடம் காட்டினாள்.

"கல்யாணம் வரைக்கும் தனி ரூம்," என்றாள். "அம்மாவுக்குப் பிடிச்ச மாதிரி முடியை வெட்டிக்கிட்டு வாங்க."