தறிக்குழிக் காற்று

“அந்த ஃபேனைத் தொடாதேன்னு சொன்னா உனுக்குக் காது கேக்குமா கேக்காதா?”

“தலைகீழா மாட்டி வச்சிருக்கிறதைத் தொடாம இன்னா பண்றது? அடியில இருக்கிற ஃபேன் காத்தை மேல இழுக்கணும்பா. உன்னுது கீழ தள்ளிக்கினு இருக்குது. கீழ இருக்கிற கல்லுக்கா வேர்க்குது?”

சத்யராஜும் துர்காவும் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தேவகி உலையை மறந்து வாசலுக்கு வந்து, ஏற்கெனவே காய்ந்த துணியை மறுபடி உதறிக் காயப்போட்டாள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகவில்லை. மற்ற வீடுகளில் இந்நேரம் நகைக்கும் நாத்தனாருக்கும் சண்டை நடக்கும். இங்கே கம்ப்யூட்டர் ஃபேனுக்கு. படித்த பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் என்று தேவகி தீர்ப்பும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சத்யராஜ் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைந்து தருகிறவன் என்று ஊருக்குப் பேர். வரைவது துர்கா. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து அந்தப் பெட்டி உச்சிப்பொழுதானால் கொதித்து அணைந்துபோகும். கட்டம் கட்டமாகப் போட்ட அன்னமும் கொடியும் அதோடு போகும். பார்டர் வாங்கிய இரண்டு பட்டுக்கடைக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். மூன்றாவது கடையும் போனால் ஐயம்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்கு, நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சத்யராஜ் சொல்லிவிட்டான். கல்யாணத்துக்குத் தங்கைகள் இரண்டு பேர் காத்திருக்கும் வீடு அது. துர்காவால் அங்கே போய் நிற்க முடியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் அது ஒரு நெசவுக்காரர் விட்டுப்போன வீடு. தறி ஓடிய அறையில் விசிறி மாட்டமாட்டார்கள். காற்றுப் பட்டால் பட்டிழை காய்ந்து அறும். தறி போன பிறகும் அந்த அறை விசிறி இல்லாமலே புழுங்கியது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியைச் சத்யராஜ் கடப்பாக்கல் பாவி மூடி, கம்ப்யூட்டர் பெட்டியைச் சரியாக அதன்மேல் வைத்திருந்தான். மேசைமேல் வைக்கலாமே என்று கேட்டால் முகம் மாறும். குழியை மூடியது, அவன் முதல் பெண்டாட்டி சுகாசினி எவனோடோ வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிப்போன வாரம். ஏறியதைப் பார்த்தவர் யாருமில்லை. சொன்னவர்கள் தெரு முழுக்க.

மறுநாள் அவன் கடைக்குக் கிளம்பியதும் துர்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பெட்டியைச் சாய்த்தபோது கல் தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு கல். நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது, பூசாமல். ஃபேன் அந்த இடைவெளிக்கு நேர் மேலே இருந்து ஊதியிருக்கிறது. மேஸ்திரி வேலை இந்த லட்சணம் என்று நினைத்தபடி ஃபேனைத் திருப்பி மாட்டினாள். இனி அடியிலிருந்து குளிர்ந்த காற்று ஏறும், பின்பக்க ஃபேன் சூட்டை வெளியே தள்ளும். அவ்வளவுதான் வித்தை.

வேலை செய்தது. திரையின் மூலையில் சூடு காட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பெட்டியின் பின்னாலிருந்து ஈர மண்பானைக்குள் முகம் வைத்ததுபோல ஒரு குளிர்ச்சி கிளம்பி, வேர்த்த கழுத்தைத் தடவி, புடவை மடிப்புக்குள் புகுந்து, அறையின் மூலைகளில் தேங்கி நின்றது. துர்கா அன்னத்தின் கழுத்தை வளைத்து முடித்து அலகுக்கு வந்தபோது, குளிர்ச்சிக்குள்ளிருந்து வாசனை ஒன்று மெல்லப் பிரிந்து வந்தது. மரிக்கொழுந்து. வாடி, நசுங்கி, தலையணையில் ஒரு ராத்திரி கிடந்த மரிக்கொழுந்து. அவள் பூ வைத்திருக்கவில்லை. அவள் தலையில் கரிசலாங்கண்ணி எண்ணெய் மட்டும்தான்.

அப்புறம் சத்தம். ஃபேன் ஒரே சீராக ஓடவில்லை. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

பின்பக்க ஃபேனின் கம்பி வலையில் ஏதோ ஆடியது. நூல் என்று பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நூல் அல்ல, தலைமுடி. அவள் கை நீளத்தைத் தாண்டியும் முடியவில்லை. உள்ளே எதுவோ மறுமுனையை விடாமல் பிடித்திருந்தது.

கரண்ட் போனது.

தெருவில் ஓடிய மிக்ஸி, டிவி, எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. திரை இருண்டது. ஃபேன் அடங்கவில்லை.

இழுத்தது. நின்றது. இழுத்தது.

ஒயரைப் பிடுங்கினாள். இழுத்தது.

பெட்டியைத் தள்ளினாள். கல்லிடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று மேலே வந்தது. குளிர்ந்த காற்று அல்ல. வெதுவெதுப்பாக. பக்கத்தில் படுத்தவர் முகத்திலிருந்து வருகிற மாதிரி.

விரலை எடுக்கப் போனாள்.

வரவில்லை.

கீழேயிருந்து ஒரு கை. மென்மையாக. பிடித்துக்கொண்டது, இழுக்கவில்லை. போகாதே என்று சொல்வதுபோல. வாசலைப் பார்க்காதே என்பதுபோல.

துர்கா பார்த்தாள்.

“தொடாதேன்னு சொன்னேனா இல்லியாம்மா?” என்றான் சத்யராஜ். கோபமே இல்லாத குரல். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தான்.

துர்கா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரு பேசியது. அவள் அம்மா ஐயம்பேட்டையிலிருந்து வந்து, “என் பொண்ணு எங்கடா” என்று வாசலில் நின்று அழுதபோது, வேறெங்கோ ஓடிவிட்டாள் என்று தெரு கதையைத் திருத்திக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தேவகி சாட்சி சொன்னாள். கூட யார் இருந்தது என்று கேட்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளில் மகள் வீட்டோடு வாலாஜாபாத்துக்கே குடிபோய்விட்டாள்.

சத்யராஜ் ஆவணியில் தீபிகாவைக் கட்டினான். நல்ல பெண், எதிர்த்துப் பேசாது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் சூடாகறதே இல்லை என்று குழாயடியில் பெருமையாகச் சொல்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. தறி அறையைக் கூட்டப் போனால், மரிக்கொழுந்து வாசனையும் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கிறதாம். கரண்ட் இல்லாதபோதும் அடி ஃபேன் ஓடுகிறதாம். ஒன்று இழுத்து நிறுத்துகிற இடத்தில், இன்னொன்று இழுக்கத் தொடங்குகிறதாம்.