விளம்பர இடைவேளையில் பேசியது

'அழவைத்தது காட்சிதான் என்று ஆய்வேட்டில் எப்படி அவ்வளவு உறுதியாக எழுதினேன்?' துறைத்தலைவர் ஜெபசிங் பேசிக்கொண்டிருந்தபோது வடிவாம்பாளின் மனம் அந்தக் கேள்வியைவிட்டு நகரவில்லை.

"மேடம், கேக்குறீங்களா?"

"கேக்கேன், சொல்லுங்க."

"அழுகை குறைஞ்சிட்டே வருது. ஏழு வருஷமா. நெகிழ்மானி எந்தக் கதையப் போட்டாலும் ஜனங்க சும்மா பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

நெகிழ்மானி இல்லாத வீடு இப்போது இல்லை. தொலைக்காட்சியின் விளிம்பில் மிளகளவு கண்ணாடி. பார்ப்பவரின் முகத்தைப் படித்து, அவர் கலங்கும் திசைக்குக் கதையை அந்த நொடியிலேயே திருப்பும். ஆளுக்கு ஒரு தன்தொடர். மாமியாருக்கு ஓடுவது மருமகளுக்கு ஓடாது. எல்லாரும் பார்த்தது என்று ஒன்று இல்லாமல் போனதில், வெகுஜனக் கலை ஆய்வுத் துறைக்கு ஆராய ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் நான்கு பேர்.

அந்தக் கண்ணாடிக்கு வித்திட்டது வடிவாம்பாளின் ஆய்வேடு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், முக்கூடலில் பேச்சியம்மாள் வீட்டில், மடியில் பீடித்தட்டோடு தொடர் பார்த்த பெண்களுடன் மூன்று வருடம் அமர்ந்திருந்தாள். எந்தக் காட்சியில் யார் கண் கலங்கினார்கள் என்று நிமிடம் தவறாமல் குறித்தாள். விருது வந்தபோது கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"காரணத்தக் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்க மேடம். பக்கத்துல ஆள் இல்ல. அதான்."

"அதுக்கு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பப் போறாங்களாக்கும்?"

ஜெபசிங் சிரிக்கவில்லை. "ஆள் இல்ல, குரல். பக்கக்குரல்னு பேரு. கூட உக்காந்து பாக்குற மாதிரி 'உச்' கொட்டும், திட்டும், கேலி பண்ணும். அதைப் பழக்கத்தான் உங்க பதிவு வேணும். விளம்பர நேரத்துப் பேச்சு நாப்பது மணி நேரம் வச்சிருக்கீங்கல்லா? அப்படிப் பேசுறவங்க இப்ப எங்க இருக்காங்க? குடுத்தா நம்ம துறை பிழைக்கும். அந்த அம்மாங்ககிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துருங்க."

அன்று மாலை அந்தப் பதிவை முதல்முறையாகக் கேட்டாள். ஆய்வுக்கு உதவாது என்று வெட்டி, 'கழிவு' என்று பெயரிட்டு வைத்திருந்த கோப்பு. சோப்பு விளம்பரத்துக்கு மேலாக அடுத்த வீட்டுச் சண்முகத்தாயின் குரல் வந்தது.

"இந்த மாமியாக்காரிக்கு நம்ம பேச்சி மாமியா எவ்வளவோ தேவல!"

சிரிப்பு. பீடி இலை வெட்டும் கத்தரியின் சத்தம். பிறகு அதே குரல், தணிந்து: "ஏளா பேச்சி, அன்னைக்கு ஒன் மாமியா ஒன்ன மழையில வெளிய நிறுத்துனாள்லா, நான் ஏங்கதவத் தெறந்து விட்டிருக்கணும். பயந்துட்டேன்ளா."

தொடர் மறுபடி தொடங்கியது. ஒரு விசும்பல்.

வடிவாம்பாள் ஆய்வேட்டை எடுத்து அந்த நாளின் அட்டவணையைத் தேடினாள். பதினான்காம் நிமிடம், கோயில் காட்சி, பேச்சியம்மாள் அழுகை. காரணம்: கதாநாயகியின் பிரார்த்தனை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அழுதிருக்கிறார்கள். அவள் திரையைப் பார்த்துக் குறித்திருக்கிறாள். அந்தத் தவறை நம்பித்தான் ஊரெல்லாம் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் முக்கூடலுக்குப் போனாள்.

"வாங்க டீச்சர்! தலையெல்லாம் நரைச்சுப் போச்சே, கண்ணாடியில பாக்கதில்லையோ?" என்றாள் பேச்சியம்மாள். எழுபது வயதிலும் வாய் குறையவில்லை. தொலைக்காட்சி முன் ஒரே ஒரு நாற்காலி. உள்ளறையில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு தன் தொடரில் இருந்தாள்.

வடிவாம்பாள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சியம்மாள் கையை நீட்டிவிட்டாள். "எங்க போடணும்? அப்போ சம்முவத்தா பேசுன மாதிரியே பேசுமா?"

"பேசும்க்கா. அவங்க எப்ப தவறுனாங்க?"

"யாரு, அவளா? நல்லா வாய்க்கரிசி போட்டீக! கல்லு மாதிரி இருக்கா, அடுத்த வீட்லதான."

வடிவாம்பாள் அடுத்த வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பின்ன அவங்களையே கூப்பிடலாமேக்கா?"

"கூப்ட்டு? அவ கதை எனக்குத் தெரியாது, ஏங்கதை அவளுக்குத் தெரியாது. நடுவுல வாரவளுக்கு எம்புட்டுன்னு சொல்ல? ரெண்டு மட்டம் வந்தா. உம்முனு உக்காந்துட்டுப் போயிட்டா. எனக்கு அந்தப் பழைய சம்முவத்தாதான் வேணும்."

திரையில் கதை சட்டென்று திரும்பியது. பிரிந்துபோன இரு தோழிகள் ஒரு பேருந்து நிலையத்தில் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நிதானமாகக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள்.

"எப்ப வரும் டீச்சர், அந்தக் குரலு?"

மழையில் திறக்காத ஒரு கதவுக்காக வருந்திய குரல், இனி எந்த வீட்டிலும் யாரிடமும் எதற்காகவும் வருந்தும். சொன்னவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாள். இதை எப்படிச் சொல்வது? சொன்னாலும், இந்த ஒற்றை நாற்காலிக்குத் தன்னிடம் வேறு என்ன மருந்து இருக்கிறது? ஜெபசிங்குக்கும், சேர்ந்த அந்த நான்கு பேருக்கும் என்ன பதில்?

"வராதுக்கா," என்றாள்.

"ஏன், நாந்தான் போட்டுட்டேனே?"

"நீங்க போட்டுட்டீங்க." தாளை மடித்து மெல்ல அவள் கையிலேயே திருப்பி வைத்தாள். "பதிவ நான் குடுக்கலக்கா."