கொம்புச் சத்தம்

கொம்புகளை உரசி நிறுத்திய பிறகும் ஒரு தட்டு மிச்சமாகக் கேட்டது.

தில்லைநாயகம் தன் கைகளைப் பார்த்தான். இரண்டு மிளா மான் கொம்புகளும் மடியில் அசையாமல் கிடந்தன. எதிரொலியாக இருக்கும். பாறை இடுக்குக்குள் ஈர மண்ணும் வௌவால் எச்சமும் நாறின. முதுகில் பாறை, இரு தோள்களிலும் பாறை, முன்னால் இடுக்கின் வாயை அடைத்து வைத்த முள், அதற்கு அப்பால் மார்கழி அந்தியின் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த புல்வெளி, எங்கோ கீழே ஐந்தருவியின் ஓயாத இரைச்சல்.

முள்ளை வைத்து அடைத்தவன் மனைவியின் அண்ணன் சங்கரபாண்டி. இப்போது தலைக்கு மேலே பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கிறான். கையில், ஜமீன் போன பிறகும் அவர்கள் வீட்டில் தங்கிவிட்ட துப்பாக்கி.

"ரெண்டு கடா முட்டிக்கிட்டா எப்படிச் சத்தம் வரும், அப்படித் தட்டணும் மாப்ள," என்று சொல்லியிருந்தான். "பொட்டைக்குத்தான் சண்டைன்னு மூணாவது கடா ஓடியாரும். இந்த மாசத்துல அதுக்குப் புத்தியே கெடையாது. பி.ஏ.வுல இதெல்லாம் சொல்லித் தரலையோ?"

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. மனைவி முத்துவடிவு போனதிலிருந்து முகத்துக்கு அது மறந்துவிட்டது. அவனை வீட்டிலிருந்து வெளியே இழுக்கத்தான் இந்த வேட்டை என்று இருவருக்கும் தெரியும்.

"ஒண்ணு மட்டும். நான் வந்து முள்ள எடுக்குற வரைக்கும் வெளிய வந்துராதீய. பனிக்குள்ள எது அசைஞ்சாலும் சுட்டுருவேன். ஆளா மிளாவான்னு தெரியாது."

மறுபடி தட்டினான். உரசினான். நிறுத்தினான்.

புல்வெளியின் அந்தப் புறம், ஈச்சம்புதரிலிருந்து பதில் வந்தது. கொம்பின் சத்தம் இல்லை. மெல்லிய, கண்ணாடிமேல் கண்ணாடி படும் சத்தம். அம்மியில் அரைக்கும்போதும், விடிகாலையில் கூந்தலை அள்ளி முடியும்போதும் அடுத்த அறையிலிருந்து வரும், அவன் தலை தானாகத் திரும்பும் சத்தம்.

வளையல்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு சங்கரபாண்டிதான் பச்சை வளையல்களும் கொண்டுவந்தான். கை நிறையப் போட்டு அவளைக் குழிக்குள் இறக்கினார்கள். முதல் பிடி மண் தில்லைநாயகம் போட்டது.

அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் அடங்கிவிட்டன. பனியில் மஞ்சள் வாசனை.

"மச்சான்," என்றான். குரல் முள்ளைத் தாண்டவில்லை. மேலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. சங்கரபாண்டிக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அசைவைத் தேடுகிறான்.

வளையல் ஒலித்தது. நின்றது. அவன் கொம்பைத் தட்டிவிட்டுக் காத்திருந்தானே, அப்படிக் காத்திருந்தது.

புரிந்தது. போகக் கூடாது. அது அவளில்லை.

உள்ளங்கை எரிந்தது. குனிந்தான். அவன் கைகள் முள்ளை விலக்கிக்கொண்டிருந்தன. ரத்தம் முழங்கைவரை வழிந்திருந்தது. எப்போது தொடங்கின என்று தெரியவில்லை.

மறுபடி வளையல்.

பனி கிழிந்தது. புதருக்குப் பின்னால் ஏதோ குந்தியிருந்தது. அவனைப் போலவே முதுகை வளைத்து. மடியில் இரண்டு கைகள். பச்சை வளையல் ஏறிய, உடம்போடு சேராத இரண்டு கைகள். அது அவற்றைத் தூக்கியது. மெதுவாக ஒன்றோடொன்று உரசியது.

தலைக்கு மேலே துப்பாக்கியின் குதிரை இழுபட்டது.

தில்லைநாயகம் ஒரு காலை வெளியே வைத்திருந்தான்.