சயாமிலிருந்து வந்த குவளை

"மேடம், சூப்பர்வைசர் 'கலாஸ், முடிஞ்சுது, வாட்ச்மேன் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடறேன்'னுட்டார். எடுத்தது அவன்தானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள் பிருந்தா.

இரண்டாம் உலகப் போரின்போது சயாம் ரயில் பாதை போடக் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்காகத் துபாயின் அல் கூஸ் பகுதிக் கிடங்கொன்றில் அவள் அமைத்துவந்த அருங்காட்சியகம் அது. நாளை திறப்பு விழா. பெயர் தெரியாத ஒரு கூலியின் தகரக் குவளையைக் காலையிலிருந்து காணோம். பெட்டியின் பூட்டு உடையவில்லை. சாவி காவலாளி அழகுமலையிடமும் அரங்கை வடிவமைத்த வாசுவிடமும் இருந்தது.

துப்பறிவாளர் நாகவள்ளி எதற்கும் பதறுகிற ரகமில்லை. நிதானமாகக் குனிந்து பார்த்தார். பெட்டியைச் சுற்றிக் கிடந்த மரத்தூளில் வெறுங்கால் தடங்கள். பின்பக்கக் குழாயடியில் ஈரம். அதில் ஒட்டிக்கொண்டு கறுப்பு எள்.

உதவியாளர் ஷியாமளா அதற்குள் முடிவே கட்டிவிட்டாள். "சத்தம் கேக்கக் கூடாதுன்னு செருப்பைக் கழட்டியிருக்கான் மேடம்! எள்ளுருண்டை தின்னுட்டுக் கையும் கழுவியிருக்கான்."

"வாட்ச்மேன்தான்னு நானும் சொன்னேன்," என்றான் வாசு.

அழகுமலை பிருந்தாவிடம் திரும்பினான். "நான் எடுக்கலம்மா. காலையில எங்கப்பா போன் பண்ணாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம கட் பண்ணிட்டேன்."

நாகவள்ளி எல்லோரையும் காலிப் பெட்டியின் முன் நிறுத்தினார்.

"உருண்டைன்னா வெல்லம் பிசுபிசுக்கும். இது வெறும் எள். இன்னைக்கு ஆடி அமாவாசை. செருப்பைக் கழட்டிட்டு, குவளையை எடுத்து, செத்தவங்களுக்கு யாரோ எள்ளும் தண்ணியும் விட்டிருக்காங்க. அப்பா உயிரோட இருக்கிறவங்க அதைச் செய்யமாட்டாங்க. இவரோட அப்பா காலையிலதான் போன் பண்ணியிருக்கார். வாசு, உங்கப்பா?"

வாசு தலை குனிந்தான். "போன வருஷம் தவறிட்டார். தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பல. செத்த நாள் தெரியாது, அதனால அமாவாசைக்குத்தான் கும்பிடுவோம். அந்தக் குவளை அவரோடதா இருந்தா? திருப்பி வைக்கிறதுக்குள்ள பிருந்தா வந்துட்டாங்க." பையிலிருந்து குவளையை எடுத்து வைத்தான்.

நாகவள்ளிக்குக் கோபம் வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"கும்பிட்டது தப்பில்ல. அதை மறைக்க ஒருத்தரோட பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தீங்களே. சூப்பர்வைசருக்குப் போனைப் போடுங்க."

வாசு போட்டான். "சார், நான்தான் எடுத்தேன். அந்த வாட்ச்மேன் மேல..."

அழகுமலை முன்னால் வந்து நின்றான். "என் பேரைச் சொல்லுங்க சார்."

தினமும் தனக்குக் கதவு திறந்துவிடுகிறவனின் பெயர் வாசுவுக்குத் தெரியவில்லை.

"அழகுமலை," என்று அவனே சொன்னான். "அழகுமலை எடுக்கலைன்னு சொல்லுங்க."