துடைக்காத முகம்

மெய்ப்பட்டியை நெற்றியில் கட்டியதும் நிறைமதிக்கு மூச்சு முட்டியது. பட்டப்பகல் பதினொரு மணி. பதிவறையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஆனாலும் ஈரச் சுவர்கள் நெருங்கி வந்தன. இரும்புக் கதவுக்கு வெளியே யாரோ நிதானமாகச் சீழ்க்கையடித்தார்கள். நேற்றுப் படப்பிடிப்பில் நடிகை ஜெயசீலி பட்ட பயம் இப்போது இவளுடைய விலாவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

படத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிற காலம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நடிப்பவர் உடம்பில் எழும் மெய்ப்பாட்டைப் பதிவி என்ற கருவி பிடித்து வைக்கும். அரங்கில் இருக்கைக்கு ஒன்றாகத் தொங்கும் பட்டி அதைப் பார்ப்பவர் உடம்பில் ஏற்றும். சிரிப்பும் அழுகையும் வீடு போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும். அச்சம் அப்படியல்ல. எதைக் கண்டு எழுந்ததோ, அந்த உருவத்தோடு சேர்ந்து பதியும். நாயை நினைத்து ஒருவர் பயந்து நடித்தால், பார்த்தவர்கள் மாதக்கணக்கில் நாயைக் கண்டு ஓடுவார்கள். அந்த உருவத்தை மட்டும் துடைத்தெடுத்து, வெறும் பயத்தை விட்டுவைப்பதுதான் நிறைமதியின் வேலை.

ஜெயசீலியின் பயத்தில் இருந்த முகம் இயக்குநர் திருவரங்கனுடையது.

'அல்லிக்குளத்து ராணி' ஆர்மோனியக் காலத்து இசை நாடகம். சந்தேகப்பட்ட அரசன் ராணியை நிலவறையில் பூட்டுவான். அவள் உள்ளே இருந்து பதினொரு பாட்டுப் பாடுவாள். ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். திருவரங்கன் அதை மறுபடி மேடையேற்றியபோது பதினொன்றையும் வெட்டி எறிந்தார். ஒரே ஓர் அடி, சுருதிகூட இல்லாமல், நடுங்கும் குரலில். "பயந்து கெடக்குறவ எங்கய்யா ராகம் பாடுவா?" என்று அவர் கேட்டதை நாடே திருப்பிச் சொன்னது. நான்கு வருடம் அரங்கு நிறைந்தது. இப்போது அது படமாகிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கம் எப்படி வந்தது என்பது நிறைமதிக்குத் தெரியும். ஒத்திகை என்று சொல்லி ஜெயசீலியை உண்மையான நிலவறையில் வைத்துப் பூட்டுவார். எப்போது திறப்பார் என்று சொல்லமாட்டார். ஒருமுறை பத்தொன்பது மணி நேரம். மேடைக் காட்சிகளின் பதிவிலும் நிறைமதி அந்த முகத்தை மூன்று தடவை துடைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. பட்டி வழியாக அவளுக்குள்ளும் அந்தப் பயம் இறங்கியிருந்தது.

கதவு திறந்தது. திருவரங்கன்தான். அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"மதி, இந்தத் தடவ எதையும் துடைக்காத. அப்படியே போகட்டும்."

"சார்... அதுல ஒரு உருவம் இருக்கு."

"பேயோ பாம்போ, இருந்துட்டுப் போகுது. துடைச்ச பயம் வெறும் சக்கை. ஜனங்க முழுசா எடுத்துட்டுப் போகணும்."

"நீங்க ஒரு தடவ பட்டியக் கட்டிப் பாத்துட்டீங்கன்னா..."

"இயக்குறவன் உணரக் கூடாது, பாக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

யாருடைய உருவம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆனால் அந்த நொடியில் நெஞ்சுக்குள் வேறொன்று தோன்றியது. சொல்லாமலே விட்டால்? ஊருக்கே தெரிந்துபோகும். அதோடு இவர் கதை முடிந்தது.

"சரி சார்," என்றாள்.

படம் வெளியான அன்று, முதல் காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் திருவரங்கன் கைகூப்பியபடி மேடையேறினார். ஒரு கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒருவர் தன் மகளை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். தொள்ளாயிரம் பேரும் திருவரங்கனைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டாமல், பின்பக்கமாக நகர்ந்து வெளியேறினார்கள். அவர் புரியாமல் நின்றார். நிறைமதி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

படத்தை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஜெயசீலி கலைஞர் மன்றத்தில் புகார் கொடுத்தாள். நிறைமதி சாட்சி.

அதற்குள் நடந்தது வேறு. திருவரங்கன் கடைக்குள் நுழைந்தால் வரிசை தானாக விலகியது. தயாரிப்பாளர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவரை விமர்சித்து எழுதியவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். முதல் வாரம் திகைத்தவர் இரண்டாவது வாரம் புரிந்துகொண்டார். நடையை மெதுவாக்கினார். சீழ்க்கையடிக்கவும் தொடங்கினார்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் படம் பார்த்தவர்கள். திருவரங்கன் உள்ளே வந்ததும் தலைவர் தன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீங்க... நீங்க உக்காருங்க சார்."

அவர் தலைவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தலைவர் நிறைமதி பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "நடந்ததெல்லாம் உண்மைன்னு எங்க அஞ்சு பேருக்கும் தெரியும்மா. தெரியுறதாலதான் சொல்றோம், புகார வாபஸ் வாங்கிடுங்க."

உண்மை தெரிந்தால் போதும் என்று நிறைமதி நம்பியிருந்தாள். அவள் ஊருக்குக் கொடுத்ததோ பயம். பயந்தவர்கள் எந்தக் காலத்தில் நீதி சொன்னார்கள்? அந்த நிலவறையில் இத்தனை காலம் ஒருத்தி இருந்தாள். இப்போது நாற்பது லட்சம் பேர்.

"வாபஸ் வாங்கிடலாம்க்கா" என்று ஜெயசீலியும் சொல்வாள் என்றுதான் அவள் நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயசீலி எழுந்தாள்.

"இவங்களுக்கு இது மூணு வாரப் பயம், மதியக்கா. எனக்கு நாலு வருஷம். நான் இதோடயே சோறு தின்னு, இதோடயே தூங்கி எழுந்தவ." குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. "எழுதிக்கோங்க. மொதல் நாள் அந்த ஆளு என்னப் பூட்டுனது, ஆடி மாசம், வெள்ளிக்கிழம."

ஒரு மணி நேரம் பேசினாள். ஐந்து பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ஓர் எழுத்து எழுதவில்லை. திருவரங்கன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிறைமதியை மட்டும் பார்த்தார்.

நிறைமதி மேசையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனா விரலில் நிற்கவில்லை, கோடுகள் கோணின. இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.